ஒகேனக்கல் பரிசல்

மாங்காட்டிலிருந்து மலையும் அருவியும் பார்க்கக் கிளம்பினால் பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, கிருஷ்ணகிரியில் திரும்பி, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகலாம். மலை பார்ப்பதற்கென்றே சீனாவின் சாங்ஜியாஜியே மலைப் பூங்காவில் 326 மீட்டர் உயரத்துக்கு லிஃப்ட் உண்டு. பக்கத்துப் பள்ளத்தாக்கின் குறுக்கே 2016-இல் கண்ணாடிப் பாலமும் திறந்தார்கள். எல்லாம் மேலிருந்து பார்ப்பது. ஒகேனக்கலிலோ காவிரி நடுவே பரிசலில் உட்கார்ந்து பாறைச் சுவர்களை அண்ணாந்து பார்க்கிறோம். என் ஓட்டு இதற்குத்தான்.

அந்தப் பரிசலைக் கவனியுங்கள். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வட்டக் கூடை. அடியில் முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஆழமில்லாத இடத்திலும் மிதக்கும். கரையேறினால் பரிசல்காரர் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுவார். கையில் ஒற்றைத் துடுப்பு. ஒரே பக்கம் வலித்தால் தட்டாமாலைதான். சாரல் அடிக்கிற இடம் பார்த்து வேண்டுமென்றே சுற்றிவிடுவார். (மீன் வறுவலைச் சவாரிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.)

கர்நாடக அணைகளில் அதிகம் தண்ணீர் திறந்தால் பரிசலுக்குத் தடை. கிளம்புமுன் நீர்வரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.