முடிந்த செய்தியை மூட விடாதவர்கள்

2002 டிசம்பர் 5 அன்று வாஷிங்டனில் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழா நடந்தது. வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்தே வாழ வேண்டும் என்ற கொள்கையோடு 1948இல் அதிபர் தேர்தலில் நின்றவர் அவர். செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த ட்ரென்ட் லாட் விழாவில் பேசும்போது, அன்று தர்மண்ட் வென்றிருந்தால் நாட்டுக்கு இத்தனை தொல்லைகள் வந்திருக்காது என்ற பொருள்பட வாழ்த்தினார். செய்தியாளர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். சி-ஸ்பான் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. இருந்தும் அடுத்த சில நாட்களுக்குப் பெரிய நாளிதழ்கள் அப்பேச்சைப் பொருட்படுத்தவில்லை. அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் வலைப்பதிவர்கள்; குறிப்பாக 2000இல் ‘டாக்கிங் பாயின்ட்ஸ் மெமோ’வைத் தொடங்கிய ஜோஷ் மார்ஷல். பேச்சின் பொருள் என்ன, 1948இல் தர்மண்ட் எதற்காக நின்றார் என்று அவர்கள் நாள்தோறும் எழுதினார்கள். டிசம்பர் 20 அன்று லாட் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். இதில் எந்த ரகசியமும் வெளிவரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் பார்த்த, எல்லோரும் கடந்துபோன ஒன்றைச் சிலர் கடந்துபோக மறுத்தார்கள்.

வலைப்பதிவை வெகுஜன ஊடகத்துக்கு மாற்று என்று பேசுவோர் பெரும்பாலும் அதன் கருத்துச் சுதந்திரத்தையோ வேகத்தையோ சுட்டுவார்கள். இரண்டுமே அதன் முதன்மையான பலமாக எனக்குப் படவில்லை. கருத்து எங்கும் கிடைக்கிறது. வேகத்தில் தொலைக்காட்சியை முந்துவது கடினம். நாளிதழ் நாளைக் கொண்டு இயங்குவது, வலைப்பதிவு விஷயத்தைக் கொண்டு இயங்குவது என்பதே இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. பத்திரிகை அலுவலகத்தில் ஒரு செய்திக்கு ‘ஃபாலோ-அப்’ கேட்டால், இன்று புதிதாக என்ன நடந்தது என்ற கேள்விதான் முதலில் வரும். எதிர்க்கட்சி அறிக்கை விட்டதா, யாராவது கைதானார்களா, நீதிமன்றம் ஏதாவது சொன்னதா? ஒன்றுமில்லை என்றால் அந்தச் செய்திக்கு இடமில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். மறுப்பு அறிக்கைகூட வேண்டாம், மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். விளம்பரதாரர் நெருக்கடி, முதலாளியின் அரசியல், செய்தியாளர் தன் தொடர்புகளை இழக்க அஞ்சுவது எல்லாம் உண்மையே. ஆனால் இவை எதுவும் இல்லாத நேர்மையான நாளிதழிலும் இந்த நாள்கணக்கு செய்திகளைக் கொன்றுகொண்டேதான் இருக்கும்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது 2006–07இல் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நீக்கப்பட்ட விவகாரம். 2006 டிசம்பர் 7 அன்று ஒரே நாளில் ஏழு கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்களை விலகச் சொன்னார்கள். ஒவ்வொருவர் பதவி இழந்ததும் அவரவர் ஊர்ச் செய்தித்தாளில் தனித்தனியாக வந்தது. சான்டியாகோ வாசகருக்கு அது சான்டியாகோ செய்தி. நெவாடாக்காரருக்கு நெவாடா செய்தி. தலைநகரின் பெரிய ஊடகங்களுக்கு எதுவுமே செய்தியாகப் படவில்லை. மார்ஷலின் சிறு குழு இந்த உள்ளூர்ச் செய்திகளை அருகருகே வைத்துப் படித்தது. நீக்கப்பட்டவர்களில் ஒருவரான கேரல் லாம், குடியரசுக் கட்சி எம்.பி. ஒருவரை லஞ்ச வழக்கில் சிறைக்கு அனுப்பியவர் என்பது அப்போது புதிய பொருள் பெற்றது. ‘டைம்’ இதழின் வாஷிங்டன் பொறுப்பாளராக இருந்த ஜே கார்னி, இல்லாத சதியைத் தேடுகிறார்கள் என்ற தொனியில் ஜனவரியில் இதைத் தள்ளிவைத்தார். மார்ச் மாதம் தன் கணிப்பு தவறியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே மார்ச்சில் நீதித்துறை அமைச்சகம் சுமார் 3,000 பக்க ஆவணங்களை ஒரே மூட்டையாக வெளியிட்டபோது, மார்ஷல் குழு அவற்றைப் பங்கு பிரித்துப் படிக்குமாறு வாசகர்களையே கேட்டுக்கொண்டது. படித்தவர்கள் பக்க எண்ணோடு குறிப்பு அனுப்பினார்கள். ஆகஸ்டில் அட்டர்னி ஜெனரல் ஆல்பெர்டோ கொன்சாலெஸ் பதவி விலகலை அறிவித்தார். அந்த ஆண்டுக்கான ஜார்ஜ் போல்க் இதழியல் விருது மார்ஷலுக்குக் கிடைத்தது.

சுதந்திரமான பத்திரிகைகள் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், அரசு ஊடகம் கோலோச்சும் நாட்டில் விடாப்பிடியின் மதிப்பு இன்னும் கூடுகிறது. எகிப்தில் 2006 ஜனவரியில் மினிபஸ் ஓட்டுநர் ஒருவரைக் காவல்நிலையத்தில் சித்திரவதை செய்த காவலர்கள், அதைத் தாங்களே கைபேசியில் படம்பிடித்து, அவரை அவமானப்படுத்துவதற்காகச் சக ஓட்டுநர்களுக்கு அனுப்பினார்கள். பயத்தை விதைக்க எடுத்த படம் அது. நவம்பரில் வாயில் அப்பாஸ் முதலிய வலைப்பதிவர்கள் அதை வெளியிட்டபோது அதே படம் சாட்சியமாக மாறியது. சுயேச்சையான வார இதழ் ஒன்றின் செய்தியாளர் பாதிக்கப்பட்டவரைத் தேடிக் கண்டுபிடித்தார். மனித உரிமை வழக்கறிஞர்கள் வழக்கை ஏற்றார்கள். இடையில், அதிகாரிகளை எதிர்த்தார் என்று அந்த ஓட்டுநருக்கே மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. பதிவர்கள் அதற்குப் பிறகும் விடவில்லை. 2007 நவம்பரில் இரு காவலர்களுக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. முபாரக் ஆட்சியில் காவலருக்குத் தண்டனை கிடைப்பது எவ்வளவு அரிது என்று அறிந்தவர்களுக்கு இதன் எடை புரியும்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழுகிறது. சான்டியாகோ நாளிதழ் எழுதாமல் மார்ஷல் எதைச் சேர்த்து வைத்திருப்பார்? வார இதழ் ஓட்டுநரைத் தேடிப் பிடிக்காமல் கெய்ரோ வழக்கு நடந்திருக்குமா? வலைப்பதிவு மற்றவர் உழைப்பில் வாழ்கிறது என்கிறார்கள் மரபுப் பத்திரிகையாளர்கள். உண்மைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் இரு திசையிலும் நடக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசித்த எலியட் ஹிக்கின்ஸ் 2012 மார்ச்சில் ‘பிரௌன் மோசஸ்’ என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். அரபு மொழி தெரியாது, சிரியாவுக்குப் போனதில்லை. கிளர்ச்சியாளர்களும் உள்ளூர் மக்களும் யூட்யூபில் ஏற்றிய காணொளிகளை அன்றாடம் பார்த்து, எந்த ஆயுதம் எந்தக் குழுவின் கையில் எப்போது முதலில் தென்பட்டது என்று குறித்துவைத்தார். யூகோஸ்லாவியத் தயாரிப்பு ஆயுதங்கள் திடீரெனத் தலைகாட்டுவதை அவர் கண்டார். 2013 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’, சவூதி அரேபியா குரோஷியாவிலிருந்து வாங்கிக் கொடுத்த ஆயுதங்கள் அவை என்று செய்தி வெளியிட்டது. எந்த நாளிதழும் ஓர் ஊழியரை ஓராண்டுக் காலம் துப்பாக்கிக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் கொடுத்து அமர்த்தாது. எந்த வலைப்பதிவராலும் வாஷிங்டன் அதிகாரிகளிடம் அதை உறுதிப்படுத்திக்கொள்ள முடியாது. ஆகவே ‘மாற்று’ என்பதை, ஒன்றை அகற்றிவிட்டு மற்றொன்றை வைப்பது என்று எடுத்துக்கொள்வது பிழை. எது முடிந்தது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் குவியாமல் இருப்பதே இங்கு நமக்குக் கிடைக்கும் பயன்.

இதைவிடக் கடுமையான மறுப்பு, சரிபார்க்கும் ஆசிரியர் இல்லை என்பது. 2011இல் டமாஸ்கஸில் வாழும் தன்பாலீர்ப்புப் பெண் எழுதுவதாக ஒரு வலைப்பதிவு உலகப் புகழ் பெற்றது. அவர் கடத்தப்பட்டதாகச் செய்தி வந்ததும் விடுதலைக்காக இயக்கமே நடந்தது. கடைசியில், ஸ்காட்லாந்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க ஆண் கட்டிய கற்பனை அது என்று தெரியவந்தது. உண்மையான சிரியப் பதிவர்கள் உயிரைப் பணயம் வைத்து எழுதிய நாட்களில் நடந்த இந்த மோசடி மன்னிக்க முடியாதது. ஆனால் ஆசிரியர் குழுக்கள் உள்ள பெரிய ஊடகங்களும் அப்பெண்ணை உண்மையென்றே எடுத்துக்கொண்டன. பொய்யை உடைத்ததில் ‘வாஷிங்டன் போஸ்ட்’டுக்குப் பங்கு உண்டு, ‘எலெக்ட்ரானிக் இன்டிஃபாதா’ என்ற சுயேச்சைத் தளத்துக்கும் சம பங்கு உண்டு. ஆசிரியர் இல்லாத குறையைச் சரிசெய்வது ஆதாரத்தைத் திறந்து வைக்கும் வழக்கம்தான்: மூல ஆவணம், காணொளி, பக்க எண். வாசகர் தாமே போய்ப் பார்க்க முடிகிற பதிவையும் ‘என்னை நம்புங்கள்’ என்று மட்டும் சொல்கிற பதிவையும் ஒரே தராசில் வைத்தால் இந்த விவாதம் எங்கும் போகாது. அந்த மோசடிப் பதிவு இரண்டாம் வகை.

மற்றொரு கேடு அண்மையில் வளர்ந்தது. எழுத்து பெருநிறுவனத் தளங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவற்றின் விதிகளுக்குச் சாட்சியத்துக்கும் வக்கிரத்துக்கும் வேறுபாடு தெரிவதில்லை. 2007இல் யூட்யூப் வாயில் அப்பாஸின் கணக்கை முடக்கியபோது காவல்நிலையச் சித்திரவதைக் காணொளிகளும் சேர்ந்து மறைந்தன. எதிர்ப்புக்குப் பின்னரே மீண்டன. விஷயத்தை மூடாமல் வைத்திருப்பதே வலைப்பதிவின் பணி என்றால், திறவுகோல் இன்னொருவர் கையில் இருக்கும்வரை அது பாதிப் பணியே.

ஆனால் விடாப்பிடியின் உண்மையான விலையை மால்டாவில்தான் பார்க்க முடியும். ஐந்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த அத்தீவில், நீண்டகாலப் பத்தி எழுத்தாளரான டாஃப்னி கரவானா கலீசியா 2008இல் ‘ரன்னிங் கமென்டரி’யைத் தொடங்கினார். அதில் மனிதர்களின் தோற்றத்தையும் உடையையும் கேலி செய்யும் பதிவுகளும் இருந்தன. நல்ல ஆசிரியர் ஒருவர் அவற்றை வெட்டியிருப்பார். அமைச்சர் கொன்ராட் மிஸ்ஸிக்கும் பிரதமரின் தலைமை அலுவலர் கீத் ஷெம்ப்ரிக்கும் பனாமாவில் நிறுவனங்கள் இருப்பதை, பனாமா ஆவணங்கள் வெளிவருவதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில் எழுதியதும் அதே பதிவுதான். ‘17 பிளாக்’ என்ற துபாய் நிறுவனத்தின் பெயரை 2017இல் முதலில் பொதுவெளியில் வைத்தவரும் அவரே. பதிலுக்கு அவர்மீது வழக்குகள் குவிந்தன. ஒரே தொழிலதிபர் 19 வழக்குகள் தொடுத்தார். ஓர் அமைச்சர் நீதிமன்றம் சென்று அவருடைய வங்கிக் கணக்கை முடக்கச் செய்தார். 2017 அக்டோபர் 16 அன்று, பிட்னியாவில் வீட்டிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் காரில் வைத்த குண்டு அவரைக் கொன்றது. அப்போது நிலுவையில் இருந்த அவதூறு வழக்குகள் நாற்பதுக்கும் மேல். அவற்றில் பல, இறப்புக்குப் பின் குடும்பத்தினர் தலையில் விழுந்தன. 18 ஊடக நிறுவனங்களைச் சேர்ந்த 45 செய்தியாளர்கள் 2018இல் அவருடைய பணியைத் தொடர்ந்தார்கள். ‘17 பிளாக்’ யாருடையது என்பதை அந்த ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸும் ‘டைம்ஸ் ஆஃப் மால்டா’வும் வெளியிட்டன. உயிரோடு இருந்தபோது தனியாகச் சுமந்ததை அவர் இறந்த பிறகு நாற்பத்தைந்து பேர் பகிர்ந்து சுமந்தார்கள்.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இந்தக் கணக்கு புதிதன்று. ‘தமிழ்நெட்’ ஆசிரியர் தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007இல் அத்தளமே அந்நாட்டில் முடக்கப்பட்டது. ‘லங்கா ஈ நியூஸ்’ தளத்துக்கு எழுதிய, கேலிச்சித்திரம் வரைந்த பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று, அதிபர் தேர்தலுக்கு இரு நாள் முன்பு காணாமல் ஆக்கப்பட்டார். 2006இன் இறுதியில் சஞ்சன ஹத்தொட்டுவ தொடங்கிய ‘கிரவுண்ட்வியூஸ்’ இதே சூழலில் நிலைத்தது. அதன் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு அதன் பின்னே நின்றதை முக்கியமாகக் கருதுகிறேன். 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டு, பெரிய ஊடகங்கள் முதல் இரவில் ஏறக்குறைய வாய்மூடி இருந்தபோது, அங்கிருந்து வந்த தகவல்களைத் திரட்டி அடுக்கிய இடங்களில் அது ஒன்று. சிங்களத்தில் ‘விகல்ப’வும் தமிழில் ‘மாற்ற’மும் அதே நிலையத்தின் நிழலில் வளர்ந்தன. கொடையாளர் பணத்தில் இயங்கும் அமைப்பு எப்படிச் சுயேச்சையாகும் என்று கேட்பவர்கள் உண்டு. யார் பணம் என்பது வெளிப்படையாக இருக்கும்வரை, வழக்கறிஞரும் சம்பளமும் உள்ள சுயேச்சை, தனியொருவர் உடலை மட்டும் நம்பிய சுயேச்சையைவிட நீண்டநாள் நிற்கும் என்பதே என் பதில்.

சட்டமும் அந்தத் துணையின் ஒரு பகுதி. எழுதுவோரை வழக்குகளால் களைக்கச் செய்வதைத் தடுக்க 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நெறியாணையை நிறைவேற்றியது. அதற்கு ‘டாஃப்னி சட்டம்’ என்றே பெயர் வழங்குகிறது. அடிப்படையற்ற வழக்கை நீதிபதி தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யவும், செலவை வழக்குத் தொடுத்தவர் தலையில் சுமத்தவும் அதில் வழி உண்டு. ஆனால் எல்லை தாண்டிய தொடர்பு உள்ள வழக்குகளிலிருந்து மட்டுமே அது காக்கிறது. மால்டாக்காரர் ஒருவர் மால்டா நீதிமன்றத்தில் மால்டா வலைப்பதிவர் மீது உள்நாட்டு விஷயத்துக்காகத் தொடுக்கும் வழக்கு அதன் வரம்புக்குள் வராது. டாஃப்னியின் மேசையில் குவிந்தவற்றில் அப்படிப்பட்ட வழக்குகளே அதிகம். அவற்றுக்கு எதிரான பாதுகாப்பை ஒவ்வொரு நாடும் தன் சட்டமன்றத்தில் தானே இயற்றியாக வேண்டும்.