கல் வைக்காத இடம்

வேலூர்க் கோட்டைப் பக்கம் நடந்தால், 1806-ம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூண் நிற்கிறது. புதிய தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்ததும் அந்தக் கலகத்துக்கு ஒரு காரணம். தோலைத் தலையில் சுமக்க மறுத்தவர்களுக்குத் தூண்; நியாயந்தான். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை மிதித்தவர்களுக்கு? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நான் நடந்த தெருக்களில் ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லை.

அவர்களுக்கு ஒரு நாவல் இருக்கிறது. 2012-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற டி. செல்வராஜின் 'தோல்'. கதை நடப்பது திண்டுக்கல்லில். ஆனால் அந்தத் தோல் ஷாப்பு வாடை பாலாற்றங்கரைக்காரனுக்குப் புதிதல்ல. அடிமைமேல் உரிமை கொண்டாடினால் நீதிமன்றம் ஏற்காது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. முன்பணம் வாங்கியவன் கடன் தீரும்வரை வாசலைத் தாண்ட முடியாதென்றால் அதற்கு என்ன பெயர் ஐயா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல்தான் வந்தது. செல்வராஜின் மனிதர்கள் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் வாழ்கிறவர்கள்.

சங்கக் கூட்டம் வரும் பக்கங்களில் ஆசிரியரின் குரல் ஓங்கிவிடுகிறது. அவற்றைச் சற்று வேகமாகவே புரட்டினேன். குழிக்கருகே வந்தால் அந்தப் பிரசங்கம் நின்றுவிடுகிறது. சுண்ணாம்பு தின்ற கைகால்களைக் காட்டுகிறார். எந்தச் சாதியாரைக் குழிக்குள் இறக்கினோம் என்பதையும் மழுப்பவில்லை. நம் நாவல்களில் செருப்பு வாசலில் கழற்றி விடப்படும். அது எங்கிருந்து வந்ததென்று எத்தனை பேர் எழுதினோம்?

பிரியாணிக்காக ஆம்பூர் போகிறவர்கள் ரயிலில் இதைப் படிக்கலாம். தடித்த புத்தகம், ஒரு பயணத்தில் முடியாது.