இடம் உண்டு, இருப்பிடம்?

ஏழையின் எழுத்தை நம் நாட்டார் படிக்கும் முறை இரண்டே. அவன் வென்றால் விடாமுயற்சி என்று வியப்பர். வீழ்ந்தால் அதே எழுத்தில் சாவுக்குத் தடயம் தேடுவர். எழுதியது என்ன என்று படிப்பார் யார்?

சேலத்து இளைஞர் முத்துகிருஷ்ணன் 2016ஆம் ஆண்டு முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய பதிவு இவ்விரு வாசிப்புக்கும் இரையாயிற்று. ரஜினி கிருஷ் என்ற பெயரில் எழுதியவர். தாழ்த்தப்பட்ட குடியில், காவலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். ஐதராபாத்தில் பயின்று, பின் டில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு மாணவரானவர். அந்த இடம் கிடைத்த கதையே அப்பதிவு. சிறுசிறு வேலை செய்து எறும்புபோல் சேர்த்த காசு; போதாதபோது பிறரிடம் ஏந்திய கை; தொடர்வண்டியில் உண்ணாமலே கடந்த வழி.

இதைத் தியாகம் என்கின்றனர். தியாகமா அது? கணக்கு! இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தலைநகரின் தேர்வு வாயிலைத் தொடுமுன்னரே ஏழை செலுத்தும் வரியின் கணக்கு. ஒதுக்கீடு தந்தோம், சலுகை தந்தோம் எனும் ஆட்சியாளர் ஏட்டில் இந்தப் பக்கம் இல்லை. அதை எழுதியவர் அவர்.

அவர் ஆங்கிலத்தில் இலக்கணம் இடறுகிறது. இடறட்டுமே! நான்காம் பயணம், மூன்றாம் நுழைவுத் தேர்வு, இரண்டாம் நேர்முகம் என எண்ணி எண்ணி வைக்கும் அந்த நடையில் இரக்கம் இரக்கும் குரல் இல்லை. ஆயினும் ஒரு குறை உண்டு. தளரமாட்டேன் எனும் உறுதியை அவரே முன்னிறுத்துவதால், கூண்டில் நிற்கவேண்டிய ஏற்பாடு மெல்ல நழுவிவிடுகிறது.

அதனைக் கூண்டில் நிறுத்திய எழுத்து, அவர் பயின்ற ஐதராபாத்திலேயே பிறந்தது. ரோகித் வெமுலா, விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐந்து மாணவருள் ஒருவர். வளாகத்தின் திறந்தவெளியில் உறங்கியவர். ஏழு மாத உதவித்தொகை ரூ.1,75,000 தமக்கு வரவேண்டியுள்ளது என்று 2016 சனவரி 17இல் தம் இறுதி மடலில் குறித்தார். எல்லாவற்றையும் துறந்தவன் எழுதிய மடலில் நிலுவைத் தொகை ஏன்? கவிதை நயம் நாடுவோர் அந்த வரியைத் தாண்டிப் போயினர். மடலின் முதுகெலும்பே அதுதான்!

உதவித்தொகை என்பது திங்கள்தோறும் வந்தால்தான் சோறு. தேர்ச்சித் தகுதி பெறாத எம்.ஃபில். மாணவர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்நாளில் தரப்பட்டது திங்களுக்கு ரூ.5,000. அதையும் நிறுத்த 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு முனைந்தபோது, மாணவர் அதன் டில்லி அலுவலக வாயிலில் அமர்ந்து போராட நேர்ந்தது. இராசிபுரத்துத் தறித்தொழிலாளியின் மகள் டில்லியில் அறை தேடுகிறாள் என்று வையுங்கள். முன்பணம் முதல்நாளே, உதவித்தொகை வரும் நாளில்! இடையில் இருக்கும் மாதங்களுக்கு எந்த ஆணையும் இல்லை. தோழியின் அறையில் ஓரமாய்ப் பாய் விரிப்பதையே வதிவிடம் என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

2017 மார்ச்சில் முத்துகிருஷ்ணன் எழுதிய கடைசிப் பதிவு, ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று சாடியது. எழுத்துத் தேர்வு தகுதிக்கு மட்டும், இடம் தருவது நேர்முகமே என்ற புது விதி அப்பல்கலைக்கழகத்தில் புகுந்த நேரம் அது. அம்மாதம் 13ஆம் நாள் டில்லியில் அவர் இறந்தார். தற்கொலை என்றது காவல்துறை. ஏற்க மறுத்தது சேலத்துக் குடும்பம்.