மலரும் முத்திரையும்: சீன அரச பீங்கான் சேகரிப்புப் பற்றிய ஒரு நோக்கு

ஒரு கலைப்பொருளின் மதிப்பை நிர்ணயிப்பது அதன் கலைத்திறனா, அன்றி அதனை உடைமையாகக் கொண்டிருந்தோரின் அந்தஸ்தா என்பது கலைவிமரிசனத்தின் நெடுநாளைய வினாக்களுள் ஒன்று. சீனப் பேரரசர்களுக்கென ஆக்கப்பட்ட பூவேலைப் பீங்கான்களைச் சேகரிப்போரின் நடைமுறையை நோக்கும்போது இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது.

காங்சிப் பேரரசரின் ஆட்சிக்காலத்தில் (1662–1722) ஜிங்தெசென் நகர அரச சூளைகளில் உருவான பன்னிரு மாதக் கிண்ணங்களை முதலிற் கொள்ளலாம். ஒளி ஊடுருவுமளவு மெல்லிய இக்கிண்ணங்கள் ஒவ்வொன்றிலும் ஒருபுறம் ஒரு மாதத்துக்குரிய மலரும் மறுபுறம் அதற்கேற்ற கவிதையடிகளும் அமைந்துள்ளன. ஐந்தாம் மாதத்துக்கு மாதுளை, ஆறாம் மாதத்துக்குத் தாமரை, ஒன்பதாம் மாதத்துக்குச் செவ்வந்தி என ஓராண்டின் பருவச் சுழற்சி பன்னிரண்டிலும் விரிகின்றது. தனிக் கிண்ணம் அழகியது. ஆயினும் பன்னிரண்டும் ஒருங்கிருக்கும்போதே அதன் பொருள் நிறைவுறும். எனினும் சேகரிப்போர் முதலிற் கவிழ்த்துப் பார்ப்பது, நீல எழுத்தில் ஆட்சிப்பெயர் தாங்கிய அடிப்புறத்தையே.

அம்மலரை வரைந்தவர் யார்? அவர் பெயரைக் கிண்ணம் கூறவில்லை. ஜிங்தெசெனில் வாழ்ந்த பிரெஞ்சு இயேசுசபைத் துறவி தாந்திரகோல், 1712ஆம் ஆண்டுக் கடிதத்தில், ஒரு பாண்டம் எழுபது தொழிலாளரின் கைகளைக் கடந்து வருவதாகக் கூறப்படுவதைக் குறிப்பிடுகின்றார். அரச சூளைகளின் மேற்பார்வையாளர் தாங் யிங் 1743இல் எழுதிய விளக்கங்களும், கோட்டுருவம் வரைவோரும் வண்ணமிடுவோரும் வெவ்வேறாகப் பயிற்றப்பட்டமையைக் காட்டுகின்றன. பலர் கைபட்டும் ஒருவர் கைபட்டதுபோலத் தோன்றவேண்டும் என்பதே இப்பகுப்பின் நோக்கம். எனவே, அடிப்புறத்து முத்திரை ஆக்கியோனின் ஒப்பமன்று. ஆணையிட்டோனின் உரிமைக் குறியே.

‘அருமை’ எனப்படுவதும் ஓரளவுக்கு ஆணையின் விளைவாகும். மிங் காலத்தில் அரண்மனைக்கு ஏற்காதவையெனத் தள்ளப்பட்ட பாண்டங்கள் உடைத்துப் புதைக்கப்பட்டன. இன்று ஆய்வாளர் அச்சில்லுகளைத் தோண்டியெடுத்து ஒட்டிச் சேர்க்கின்றனர்.

இவ்வருமையே இன்று மூலதனமாகின்றது. ஜிங்தெசெனில் வனையப்பட்டு, பீக்கிங் அரண்மனைப் பட்டறையில் வண்ணந்தீட்டப்பட்ட கிண்ணமொன்றில், பூத்த மரமும் வில்லோக் கிளைகளும் தகைவிலான் குருவிகளும் இடம்பெறுகின்றன. ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் விட்டமுடைய இது, 2006இல் ஹொங்கொங்கில் ஏறக்குறைய 151 மில்லியன் ஹொங்கொங் டொலருக்கும், 2023இல் ஏறக்குறைய 198 மில்லியனுக்கும் ஏலத்தில் விலைபோயிற்று. இடைப்பட்ட பதினேழாண்டுகளில் அம்மலர்களில் ஓரிதழேனும் கூடியதில்லை, கூடியது விலையே.

இதனாற் சேகரிப்பு முழுவதும் பழிக்கத்தக்கதெனக் கூறின் அது ஒருதலைப்பட்சமாகும். சேர் பேர்சிவல் டேவிட் தாம் சேர்த்த பாண்டங்களை 1950இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். ஏறத்தாழ 1,700 பொருட்களைக் கொண்ட அத்தொகுதி 2009 முதல் பிரித்தானிய நூதனசாலையிற் காட்சிக்குள்ளது. மேற்கூறிய கிண்ணத்தின் இணையும் அதில் உண்டு. வெவ்வேறிடங்களில் வாங்கி அவர் மீண்டும் ஒன்றுசேர்த்த இரு சாடிகள், நீலவெண் பீங்கானின் காலவரையறைக்கே அடிப்படையாயின. செவ்வந்தி, தாமரை முதலிய மலர்க்கொடிகள் சூழ்ந்த அச்சாடிகளில் அரச முத்திரை இல்லை. 1351இல் பக்தரொருவர் அவற்றைக் கோயிலுக்குக் காணிக்கையாக்கிய செய்தியே கழுத்தில் எழுதப்பட்டுள்ளது.

ஆகவே சேகரிப்பை மதிப்பிடும் அளவுகோல், அதிலுள்ள பேரரசர் பெயர்களின் எண்ணிக்கையாகாது. அது பொருட்களை ஒப்புநோக்கிக் கற்க வழிதிறக்கின்றதா, சூளையருகே உழைத்தோரைப் பற்றி எதனை அறியத்தருகின்றது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். பெட்டகத்துட் பூட்டப்பட்ட கிண்ணம் இவற்றுக்கு விடைதராது. பெயரறியாத் தூரிகையாளரின் திறனை உணர, அவர் வரைந்த மலர் பலர் கண்ணிலும் படவேண்டும்.