பாரம் தாங்காத சட்டகம்

இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், 2009 பெப்ரவரியிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பல், புதுமாத்தளன் கரையில் காயக்காரர்களை ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு கள வைத்தியசாலை அமைத்த பின்னர் பலர் அங்கே இறக்கப்பட்டார்கள். ஷெல் துண்டு எலும்பை முறிப்பதோடு நிற்பதில்லை. ஒரு பகுதியையே சிதைத்துவிட்டு, மண்ணையும் துணியையும் கிருமியையும் உள்ளே விட்டுவிடுகிறது. முறிந்த எலும்பு சேரும். 5 சென்ரிமீற்றர் இல்லாமற்போன எலும்பு தானாக வளராது. எலும்பு இழையப் பொறியியல் தீர்க்க வந்த சிக்கல் இதுதான். அதன் பெறுமதியை ஆய்வுகூடத்தில் அல்ல, இப்படிப்பட்ட காயங்களை வைத்தே எடைபோட வேண்டும்.

நுண்துளைகள் நிறைந்த சட்டகமொன்றை இடைவெளியில் வைக்கிறார்கள். அதிலிருந்து மருந்தோ வளர்ச்சிப் புரதமோ மெல்லக் கசிகிறது. கூடவே அழுத்தமும் அசைவும் கொடுத்து எலும்புக் கலங்களைத் தூண்டுகிறார்கள்.

இந்தத் தூண்டல் என்ற பாதியின் அத்திவாரம் உறுதியானது. பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்று யூலியஸ் வொல்ஃப் 1892இலேயே எழுதினார். எலும்புக்குள் புதைந்திருக்கும் கலங்களைச் சுற்றி நுண்கால்வாய்கள் உண்டு; காலை ஊன்றும்போது அவற்றில் திரவம் ஓடுகிறது, கலங்கள் அந்த ஓட்டத்தை உணர்கின்றன. சைபீரியாவின் குர்கானில் மருத்துவர் இலிசாரொவ் இதைச் சிகிச்சையாகவே ஆக்கினார். எலும்பை வெட்டி, வளையச் சட்டத்தில் பொருத்தி, நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் வீதம், அதையும் நாலு தவணையாக, விலக்கிக்கொண்டே போனால் இடையில் புது எலும்பு உருவாகிறது. நோயாளி அந்தக் காலாலேயே நடக்கிறார். தூண்டல் மனிதரில் தன்னை நிரூபித்த இடம் இது. பாரத்தைக் கருவியால் ஈடுசெய்யப் பார்த்தபோது இந்த வெற்றி கிடைக்கவில்லை. தாழ்செறிவு அல்ட்ராசவுண்ட் துடிப்புகளை முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்த 501 பேரில் சோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. துடிப்புகளைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் குணமாகவும் இல்லை, சீக்கிரம் நடக்கவும் இல்லை.

மருந்தின் கதை இன்னும் கவலைக்குரியது. எலும்பை உருவாக்கத் தூண்டும் பொருள் எலும்புக்குள்ளேயே இருக்கிறதென்று மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டினார். அத்தகைய பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்த பிஎம்பி-2 என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து முதுகெலும்புச் சத்திரசிகிச்சையில் பயன்படுத்த அமெரிக்கா 2002இல் அனுமதித்தது. பஞ்சு அதைப் பிடித்து வைக்கவில்லை; முதல் நாட்களிலேயே பெரும்பகுதி வெளியேறியது. அந்த இழப்பை ஈடுகட்ட, உடல் இயல்பாகச் சுரக்கும் அளவைவிடப் பன்மடங்கு அதிகமாக மில்லிகிராம் கணக்கில் வைத்தார்கள். கழுத்தில் வைத்தவர்களுக்கு வீக்கம் ஏற்பட்டு மூச்சும் விழுங்குதலும் தடைப்பட்டதால் 2008இல் அரச எச்சரிக்கை வந்தது. நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வுகள் பக்கவிளைவுகளைக் குறைத்துக் காட்டின என்று 2011இல் முதுகெலும்பு மருத்துவர்களே எழுதினார்கள். புரதத்தின் ஆற்றல் பொய்யல்ல. அதைச் சுமந்த பஞ்சு தோற்றது. அது தெரிந்தபோதும் விற்பனை நிற்கவில்லை. இதை மன்னிப்பது எனக்குக் கடினம்.

அன்ரிபயோட்டிக்கை எலும்பின் அருகிலேயே கசியவிடுவது மட்டும் வேறு தரத்தில் நிற்கிறது. இரத்த ஓட்டம் கெட்ட இடத்துக்கு ஊசிமருந்து போதியளவு போய்ச் சேராது; அங்கேயே வைத்த மருந்து சேரும். பிரான்சின் மஸ்கலே முறையில், மருந்து கலந்த எலும்புச் சீமெந்தை இடைவெளியில் வைத்து ஆறு முதல் எட்டு வாரம் விடுகிறார்கள். அதைச் சுற்றி உடல் ஒரு சவ்வை வளர்க்கிறது. அந்தச் சவ்வே வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கிறது. பிறகு சீமெந்தை எடுத்துவிட்டு, நோயாளியின் இடுப்பெலும்புத் துகள்களை நிரப்புகிறார்கள்.

இந்தத் துறையின் ஆழமான குறை இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் இருக்கிறது. இரத்தக் குழாய் நுழையத் துளை வேண்டும். துளை கூடக்கூடச் சட்டகம் நொறுங்கும். நொறுங்காதிருக்கத் தகடு போட்டால் பாரம் தகட்டின் வழியே போய்விடுகிறது. பிறகு எந்தத் தூண்டல் கலத்தை எட்டும்? பாரம் ஏறினால் சட்டகம் திரவத்தைப் பிழிந்து வெளியேற்றும். மருந்தும் அதனோடு போகும். அசையாத குப்பியில் அளந்த கசிவுக் கணக்கு நடக்கும் காலுக்குப் பொருந்தாது. பாரத்தையும் மருந்தையும் தனித்தனியே அளந்துவிட்டு இரண்டையும் கூட்டிச் சொல்லும் கட்டுரைகளை நம்ப என்னால் முடியவில்லை.

இந்தக் குறையைக் கணக்கிலெடுக்கும் சோதனையை இலங்கையிலேயே தொடங்கலாம். எப்பாவலப் பொஸ்பேற்றுப் பாறை எலும்பின் கனிமத்துக்கு நெருங்கிய உறவு. அதிலிருந்து அந்தக் கனிமமான ஹைட்ரொக்சிஅபற்றைட்டைத் தயாரிக்க இலங்கை ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள். அந்த முயற்சி விலை கூடிய வளர்ச்சிப் புரதத்தின் பின்னால் போகத் தேவையில்லை. அன்ரிபயோட்டிக் ஏற்றிய உள்ளூர் ஹைட்ரொக்சிஅபற்றைட் மணிகளை, முதலில் பாரம் ஏற்றி இறக்கும் நிலையிலேயே கசிவை அளந்து, பிறகு மஸ்கலேயின் சவ்வுக்குள் இடுப்பெலும்புத் துகளோடு கலந்து வைத்து, வெளியே இலிசாரொவ் வளையம் பூட்டிச் சோதிக்கலாம். வளையம் பாரத்தின் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். அந்தப் பாரத்தை நோயாளியின் நடை கொடுக்கும். கிருமி அடங்கியதா, எத்தனையாவது வாரம் அவர் ஊன்றுகோலை விட்டார் என்ற இரண்டையும் அளந்தாலே அந்தச் சட்டகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்.