பயோபாலை எடுத்த பிறகு

கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் நாலு பேர் மும்பையில் சந்தித்தால் இப்போது ஒரே யோசனைதான். நீர் காற்றினூடே சொட்டி இறங்கும் வெட்-ட்ரை வடிகட்டியிலிருந்து பயோபால்களை, அதாவது பாக்டீரியா ஒட்டி வளரும் பிளாஸ்டிக் பந்துகளை, அள்ளி எறி, காலியான அறையில் கீட்டோ பாசியைப் போடு, மேலே ஒரு விளக்கைக் கட்டு, ரெஃபியூஜியம் தயார். செம்பூர், மாட்டுங்கா அடுக்குமாடி வீடுகளில் கோமாளி மீனும் டாம்செலும் மட்டுமே வளர்ப்பவர்கள்கூட இதைச் செய்கிறார்கள். பயோபால் ஒரு 'நைட்ரேட் தொழிற்சாலை' என்பது அவர்கள் சொல்லும் நியாயம்.

ரெஃபியூஜியத்துக்கு நல்ல குணங்கள் உண்டு. பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்ணும். மீன்களின் வாய்க்கு எட்டாத அந்த அறையில் அவற்றுக்கு இரையாகும் கோப்பெபாடு என்ற சிற்றுயிர்கள் பெருகும். இரவில் அங்கே விளக்கு எரிந்தால் தொட்டியின் பி.எச். அதிகம் சரியாது. கழுவாத பயோபால்களில் அழுக்கு தேங்குவதும் உண்மை.

ஆனால் நைட்ரேட்டை உண்டாக்குவது பயோபால் அல்ல, நாம் போடும் தீவனம். தீவனத்தின் புரதம் மீன் வழியே அம்மோனியாவாகிறது; அதை பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்த பாக்டீரியா பந்தில் ஒட்டியிருந்தாலும் கல்லில் ஒட்டியிருந்தாலும் வரும் நைட்ரேட் ஒன்றே. அப்படியானால் மேல்நாட்டார் பயோபாலை ஏன் எடுத்தார்கள்? ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் 1986-ல் எழுதிய கட்டுரைகளால் அமெரிக்காவில் பரவிய வெட்-ட்ரை முறையை அவர்கள் பின்னாளில் கைவிட்டபோது, தொட்டிக்குள் கிலோ கணக்கில் லைவ் ராக், அதாவது பாக்டீரியா குடியேறிய பவளப்பாறைத் துண்டுகள், இருந்தது. அதன் மேற்பரப்பில் அம்மோனியா நைட்ரேட்டாகும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். பாக்டீரியாவுக்கு மாற்று வீடு தயாராக இருந்ததால்தான் பழைய வீட்டை இடித்தார்கள்.

இங்கே அந்த மாற்று வீடு எங்கே? பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் கேள்வி இது. கல்பவளங்கள் அனைத்தும் 2001-ல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைப் பெயர்ப்பது குற்றம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கலாம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் மண்டபம் மையத்தில் செய்தே காட்டிவிட்டது. பாறையை அப்படிப் பொரிக்க முடியாது. எனவே சட்டத்தை மதிப்பவரின் தொட்டியில் இருப்பது சிமெண்டில் வார்த்த கல்லோ சுட்ட களிமண் துண்டோதான். அதில் பாக்டீரியா குடியேறி வேலை தொடங்கவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பயோபால் குப்பைக்குப் போய்விடுகிறது. நைட்ரேட்டைக் குறைக்கக் கிளம்பியவர் மீனை அம்மோனியாவில் நிறுத்துகிறார். நைட்ரேட்டைப் பெரும்பாலான மீன்கள் ஓரளவு பொறுக்கும், அம்மோனியாவைப் பொறுக்காது.

பாசியே அம்மோனியாவை உறிஞ்சிவிடும் என்பார்கள். உறிஞ்சும்தான், எவ்வளவு? நாளுக்கு 3 கிராம் உலர்தீவனம் போடுவதாகக் கொள்வோம். அதில் 45 சதவீதம் புரதம் என்றால் நைட்ரஜன் சுமார் 0.2 கிராம், அதில் முக்கால் பங்கு நீரில் சேரும். ஈரப்பாசியின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், அதில் நைட்ரஜன் 2 முதல் 3 சதவீதம். இந்தக் கணக்கில் வாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ பாசி புதிதாக வளர வேண்டும், அதை வெட்டி வெளியே எடுக்கவும் வேண்டும். வெட்டாமல் விட்டால் அடிப்பாசி அழுகி, உண்டதையெல்லாம் நீரிலேயே கக்கிவிடும். பயோபால் இருந்த ஒரு சாண் அறையில் வாராவாரம் அரைக் கிலோ விளைந்ததை நான் எங்கும் பார்த்ததில்லை.

இந்த ஊரின் வெக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ சுமார் 270 மில்லிகிராம். நீர் சொட்டச் சொட்டக் காற்றில் கிடக்கும் பயோபால், மும்பையின் மே மாதத்துக்கென்றே செய்த ஏற்பாடு. அதை எடுத்துவிட்டு, விளக்கணைந்ததும் தானே ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கும் பாசியை வைக்கிறோம். 2020 அக்டோபர் 12 அன்று மின்தொகுப்பு பழுதாகி நகரம் மணிக்கணக்கில் மின்சாரமின்றி நின்றது. அதுபோன்ற நாளில் பம்பு நின்றாலும் ஈரப் பயோபாலின் பாக்டீரியா காற்றை வைத்துத் தாக்குப்பிடிக்கும். விளக்கும் நீரோட்டமும் சேர்ந்து நின்ற பாசி அறை, தொட்டியில் மிஞ்சிய ஆக்சிஜனையே தின்னும்.

மீன் மட்டும் வளர்ப்பவர் வெட்-ட்ரையைத் தொடக் கூடாது என்பதே என் கருத்து. பயோபாலுக்கு மேலே ஒரு பஞ்சை வைத்து, அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை அலசி, வாரம் ஒருமுறை கொஞ்சம் நீர் மாற்றினால் நைட்ரேட் கட்டுக்குள் நிற்கும். பாசி வேண்டுமென்றால் பக்கத்தில் தனித் தொட்டி வைத்து, சிறு பம்பால் நீரை மெதுவாக அதற்குள் ஓடவிடலாம். அதற்கு இடமில்லாத வீட்டில் ரெஃபியூஜியம் வேண்டாம்.