அட்டையும் சுவரும்

ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) செய்த புத்தக அட்டைகளில் படத்தைவிட எழுத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அச்செழுத்தின் ஒழுங்கு அதில் கிடையாது. தூரிகையின் சொரசொரப்போடு, கல்லில் வெட்டியதுபோல் கோணலாக நிற்கும். தலைப்பும் படமும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த கோட்டோவியங்களிலும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் போட்ட படங்களிலும் அதே கைதான். சம்பவத்தை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார், ஆளைப் பிடித்துவிடுவார். கையில் வைத்துப் பார்க்கும் அட்டைக்கு அது போதும்.

சுவர் வேறு. பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகளோடு வரையும் ஓவியர் முதலில் சின்னத் தாளில் கட்டம் போடுகிறார். அதே கட்டங்களை, நூல் பிடித்து, சுவரில் பெரிதாக்குகிறார். கட்டத்துக்கு ஒரு பிள்ளை. எட்டாம் வகுப்புக்காரி போடும் மயிலின் கழுத்து கொஞ்சம் தடித்துப்போகும். நல்ல ஓவியர் அதில் கை வைக்க மாட்டார். (வைக்கிறவர்களும் உண்டு. அந்தச் சுவர்கள் கடை விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.)

சுவரில் வரையும் பிள்ளைகள் பழைய சுவரோவியத்தையும் பார்க்கவேண்டும். ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அதற்காக சித்தன்னவாசல்வரை போகவேண்டாம். மலையாம்பட்டு அர்மாமலைக் குகையில் 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் மிச்சமிருக்கின்றன: ஆட்டின்மேல் அக்கினி, தாமரைக் குளம். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. ஓவிய வகுப்பை ஒரு நாளாவது அங்கே நடத்தலாம்.